நியாயமான கோரிக்கையின் பேரில்

மனிதகுலம் சேர்த்த செல்வங்களிலேயே பங்கு போடப் போட வளரும் ஒரே செல்வம் அறிவு. மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வாசல் வளைவில் இந்த வாசகம் முழங்கை உயரப் பித்தளை எழுத்துகளில் மின்னிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே இருந்த குடிநீர்க் குழாயில், டம்ளரைச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள்.

குட்டி வாசகத்தையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அறிவைக் குடுத்தாலும் குடுப்பாங்க அண்ணி, டம்ளரை விட மாட்டாங்க போல."

"வண்டியை நிழல்ல விடு," என்றாள் அண்ணி.

குட்டிக்கு நாற்பது வயது. வீட்டின் கடைசிப் பிள்ளை என்பதால் பல்லில் பாதி பல் டாக்டருக்குப் போன பிறகும் அவள் குட்டிதான். அவளுடைய அண்ணனின் மனைவி, மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே ஓர் அறை எடுத்துத் துப்பறியும் அலுவலகம் நடத்தினாள். அதற்கு முன்பு காப்பீட்டு நிறுவனத்தில் இருந்தவள். சொந்தக் கடைக்குத் தானே தீ வைத்துவிட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுபவர்களைக் கண்டுபிடிப்பது அங்கே அவள் வேலை. அழுகையில் உண்மை எவ்வளவு, ஒத்திகை எவ்வளவு என்று காதாலேயே எடை போட்டுவிடுவாள். குட்டி உதவிக்கு வந்தாள். நாத்தனாரும் அண்ணியும் ஒரே ஸ்கூட்டரில் சண்டை போடாமல் போவதுதான் ஊரிலேயே பெரிய மர்மம் என்று குட்டியின் அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார். சண்டை இல்லாமல் இல்லை. ஸ்கூட்டர் சத்தத்தில் வெளியே கேட்பதில்லை.

காலையில் வந்த வழக்கு இதுதான். இந்தக் கழகத்தின் இயக்குநர், சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கு ஒரு களிம்பு கண்டுபிடித்திருந்தார். அதைத் தடவினால் காலை எடுக்க வேண்டிய நிலைமை பாதியாகக் குறையும் என்று ஏறிய மேடையிலெல்லாம் முழங்கினார். ஆராய்ச்சி நடந்தது மக்கள் வரிப்பணத்தில். பணம் கொடுத்த நிதி வாரியம் ஒரு நிபந்தனை வைத்திருந்தது: நோயாளிகளின் பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டு, மற்றத் தகவல் முழுவதையும் பொதுத் தளத்தில் ஏற்றிவிட வேண்டும். எந்த ஊர் மருத்துவரும் அதை எடுத்துச் சரிபார்க்கலாம். இயக்குநர் கையெழுத்துப் போட்டுப் பணத்தை உள்ளே அழைத்துக்கொண்டார். நிபந்தனையை வாசலிலேயே உட்காரவைத்துவிட்டார்.

தகவல் கேட்டு வெளியூர் மருத்துவர்கள் எழுதினார்கள். களிம்பை நம்பிக் கத்தியைத் தள்ளிப்போடலாமா கூடாதா என்று அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. எல்லோருக்கும் ஒரே பதில் போனது: நியாயமான கோரிக்கையின் பேரில் தரப்படும். எது நியாயம் என்று முடிவு செய்ய ஒரு குழு இருந்தது. குழுவின் தலைவர் இயக்குநர். உறுப்பினரும் அவரே. குழு அடிக்கடி கூடியது, குளிக்கும்போதுகூடக் கூடியிருக்கலாம். ஆனாலும் ஒரு கோரிக்கைகூட இதுவரை நியாயமாக அமையவில்லை.

தகவலை ஏற்றக் கடைசிக் கெடு இன்று மாலை ஐந்து மணி. தீ, வெள்ளம், திருட்டு ஆகியவற்றில் தகவல் அழிந்துபோனால் மட்டும் விலக்கு உண்டு. கட்டடத்தில் தீப்பிடிக்கவில்லை, வெள்ளம் மாடி ஏறாது. ஆகவே இந்த வாரத் தொடக்கத்தில் திருட்டு நடந்தது. தகவல் அறையின் பூட்டு உடையவில்லை. அதற்குச் சாவி இரண்டு. ஒன்று இயக்குநரிடம், இன்னொன்று தகவலைத் தொகுத்த புள்ளிவிவரக்காரியிடம். இயக்குநர் தன்னைச் சந்தேகிக்க ஒரு காரணமும் காணவில்லை.

அந்தப் பெண் இப்போது மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே, மடியில் சாப்பாட்டுப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தகவல் முழுவதும் இருந்த சர்வர் திருடு போய்விட்டது, நீதான் திருடி என்று வாசலிலேயே அவளை மறித்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். வீட்டில் அவள் சொல்லவில்லை. தினமும் வேலைக்குப் போவதுபோலக் கிளம்பி, பூங்காவில் உட்கார்ந்து, பாத்திரத்தைக் காலி செய்துவிட்டு வீடு திரும்பினாள். ஐந்து மணிக்கு இயக்குநர் போலீஸில் புகார் கொடுக்கப் போகிறார். அதன்பிறகு பூங்கா உதவாது. களிம்பு வேலை செய்யவில்லை என்று கணக்குப் போட்டுச் சொன்னாயா என்று அண்ணி கேட்டதற்கு, சொன்னேன், மறுபடி கூட்டிப் பார்க்கச் சொன்னார் என்றாள்.

இயக்குநரைப் பார்க்க அனுமதி கிடைப்பதில் சிரமமில்லை. தங்களின் இழப்பைத் தங்கள் வாயாலேயே கேட்க வேண்டும் என்று அண்ணி போனில் சொன்னதும் உடனே வரச் சொல்லிவிட்டார். கேட்க ஒரு காது கிடைத்தால் விடுகிற ஆள் இல்லை அவர்.

அவருடைய அறையில் விருதுகள் போக மிச்சமிருந்த இடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். பேச்சின் நடுவே இரண்டு தடவை மின்சாரம் போய் வந்தது. அன்று காலையிலிருந்தே அப்படித்தான். விளக்கு அணையும்போதும் அவர் வாய் அணையவில்லை. அறிவியல் உலகுக்கு நேர்ந்த பேரிழப்பு, வரலாறு மன்னிக்காத துரோகம், தன் கண்ணில் தூக்கமில்லை. அண்ணி குறிப்பெடுப்பதுபோலத் தலையசைத்தாள். காது வேலை செய்துகொண்டிருந்தது. குட்டி கொட்டாவியைத் தும்மலாக மாற்றினாள்.

சரியாக எது திருடு போனது என்று அண்ணி கேட்டாள்.

"சர்வர்மா. கறுப்புப் பெட்டி. சும்மா தூக்கிட முடியாது, ரெண்டு ஆள் வேணும். நாலாயிரம் நோயாளிங்களோட தகவல் உள்ள இருக்கே, கனக்காதா?"

அண்ணியின் பேனா ஒரு நொடி நின்று, பிறகு போனது. குட்டி இருமினாள். இந்தத் தடவை உண்மையான இருமல்.

இயக்குநர் சுவரைக் காட்டினார். அங்கே கதவகலத்துக்கு ஒரு புகைப்படம். தகவல் அறையின் திறப்பு விழா. அகலச் சிவப்பு ரிப்பன் கட்டிய கறுப்புப் பெட்டி ஒன்று நடுநாயகமாக நிற்கிறது. அதன்மேல் பெற்ற பிள்ளையின் தலையில் வைப்பதுபோல இயக்குநர் கை வைத்திருக்கிறார். சுற்றிலும் பத்துப் பேர் கைதட்டுகிறார்கள். இதுதான் தேசத்தின் மருத்துவ மூளை என்று அன்று தான் பேசியதைப் பத்திரிகைகள் பாராட்டியதாகச் சொன்னார். எந்தப் பத்திரிகை என்று குட்டி கேட்டாள். கழகத்தின் சொந்தப் பத்திரிகை.

தகவல் அறையைப் பார்க்க வேண்டுமென்று அண்ணி கேட்டதும் அவர் தாராளமாகக் கையை வீசினார். அந்தப் பெண்ணிடமிருந்து வாங்கிய சாவியோடு அங்கே துணை இயக்குநர் இருப்பார். நான்கு மணிக்கு நிருபர்களைச் சந்திக்க வேண்டும், சோகமான சட்டை ஒன்று தேட வேண்டியிருக்கிறது, அதனால் தன்னால் வர இயலாது.

துணை இயக்குநரைக் கழகம் முழுவதும் ஆமாம்சாமி என்றுதான் சொன்னது. இயக்குநர் தும்மினால் இவருக்கு மூக்கு ஒழுகும். அவர்கள் உள்ளே நுழைந்தபோது அவர் கம்ப்யூட்டர் திரையிலிருந்து முகத்தைப் பாதி மட்டும் திருப்பி, துக்க வீட்டுக்காரர்போல எழுந்து நின்றார். ஈடு செய்ய முடியாத இழப்பு என்று தொடங்கினார். குட்டி அவர் முகத்தைப் பார்க்கவில்லை, மூக்குக் கண்ணாடியைப் பார்த்தாள். கண்ணாடியில் திரையின் நிழல் விழுந்திருந்தது. சீட்டுக் கட்டு.

"அந்தக் கறுப்பு ராணியைத் தூக்கிச் சிவப்பு ராஜா மேல வைங்க சார்," என்றாள். "ஆட்டம் திறந்துக்கும்."

ஆமாம்சாமி வைக்கப் போன கையை இழுத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. திரை இருண்டது. அவர் வாயிலிருந்து, இழப்புக்காக வந்ததைவிட நேர்மையான பெருமூச்சு ஒன்று வந்தது.

"மூணாவது தடவை. முன்னெல்லாம் கரண்ட் போனாலும் இது அணையாது."

அண்ணி குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். சின்ன வெள்ளைக் கம்ப்யூட்டர் ஒன்று. அதன் தலையில் காபிக் கோப்பை. பக்கத்துத் தரையில் தூசி படியாத சதுரம், அதைத் தேடி வந்து ஆளைக் காணாமல் படுத்துவிட்டதுபோல ஓர் ஒயர். அவள் போனை எடுத்து, மூக்குக் கண்ணாடிக் கடை மாடியை அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். சர்வர் பார்க்க எப்படி இருக்கும் என்று கேட்டாள்.

"சின்னதா, வெள்ளையா இருக்கும் மேடம். மேசைக்கு அடியில," என்றது புள்ளிவிவரக்காரியின் குரல். "அதுமேல காபி வைக்காதீங்கன்னு எவ்வளவு சொன்னாலும் துணை இயக்குநர் கேக்க மாட்டார்."

ஆமாம்சாமி கோப்பையை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"பக்கத்துல கறுப்பா ஒண்ணு இருந்துதே?"

"அது யூ.பி.எஸ். மேடம். கரண்ட் போனா கம்ப்யூட்டர் அணையாம பாத்துக்கற பேட்டரி. போறப்போ எல்லாம் கீ கீன்னு கத்தும். ஏன், அதுக்கு என்ன?"

அதற்கு ஒன்றுமில்லை, நீ சாப்பாட்டை இன்றைக்கு இங்கேயே சாப்பிடு என்று சொல்லி அண்ணி போனை வைத்தாள். பிறகு ஆமாம்சாமியைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குத் தீ வைத்த கடைக்காரர்களே கரைந்திருக்கிறார்கள். இவர் களிம்பைவிட வேகமாகக் கரைந்தார். திறப்பு விழா அன்று, வெள்ளைப் பெட்டி குட்டியாக இருக்கிறது, படத்தில் எடுபடாது என்று புகைப்படக்காரர் சொன்னாராம். ரிப்பனைக் கறுப்புப் பெட்டியில் கட்டினார்களாம். இயக்குநர் வந்தார், வெட்டினார், கை வைத்தார், தேசத்தின் மூளை என்றார், போனார். அதற்குப் பிறகு அந்த அறைக்குள் அவரை யாரும் பார்த்ததில்லை. யார் போய்ச் சொல்வது? கழகத்தில் எல்லோரும் அவர் எதிரில் அதைச் சர்வர் என்றே சொல்லப் பழகிவிட்டார்கள்.

"அப்போ திருட்டுப் போனது வெறும் பேட்டரின்னு உங்களுக்கு மொத நாளே தெரியும்," என்றாள் குட்டி. "ஒரு பொண்ணு ஜெயிலுக்குப் போகப் போறான்னும் தெரியும். நீங்க சீட்டு ஆடினீங்க."

"அவர் சர்வர்னு சொன்னா அது சர்வர்தாம்மா." ஆமாம்சாமி தரையில் இருந்த சதுரத்தைப் பார்த்தபடியே சொன்னார். "அடுத்த இயக்குநர் யாருன்னு அவர்தான் எழுதிக் குடுக்கணும்."

படியிறங்கும்போது குட்டிக்கு விஷயம் படிப்படியாக உறைத்தது. புள்ளிவிவரக்காரிக்கு எது எது என்று தெரியும், அவள் திருடினால் வெள்ளையைத் திருடுவாள். அங்கே வேலை செய்கிற மற்ற எல்லோருக்கும் தெரியும். கறுப்பைத் திருட, அதை ரிப்பனோடு மட்டுமே பார்த்த ஆள் வேண்டும், கையில் சாவியும் வேண்டும்.

"ஆனா அண்ணி, அவ்வளவு பெரிய பெட்டி வாசலை எப்படித் தாண்டுச்சு? காவல்காரர் நம்ம ஸ்கூட்டர் சீட்டைக்கூடத் தூக்கிப் பாத்தாரே."

"எல்லா வண்டியையும் பாப்பார். ஒரு வண்டிக்கு மட்டும் சல்யூட் அடிப்பார்."

"அடிக்கிற கையால டிக்கியைத் திறக்க முடியாது," என்று குட்டி முடித்தாள். "சரி, புரியுது. பெட்டி கையில கிடைக்காம யார் நம்புவா? மணி ரெண்டாகப் போகுது."

இயக்குநரின் வீடு ஓர் அடுக்குமாடியின் முதல் தளத்தில் இருந்தது. அண்ணி கீழே மாடிப்படிக்கு அடியில் இருந்த மீட்டர் பலகையின் முன் நின்றுகொண்டு, மாமேதையின் விருதுகளைப் பார்க்க வந்ததாகச் சொல்லச் சொல்லிக் குட்டியை மட்டும் மேலே அனுப்பினாள். பொய் சொல்வது தன் தொழில் தர்மத்துக்கு ஒத்துவராது என்பாள். நாத்தனாரின் தொழில் தர்மத்தைப் பற்றி அவள் கவலைப்பட்டதில்லை.

கதவைத் திறந்த இயக்குநரின் மனைவி, விருதா, தூசி துடைக்கிற எனக்குத்தான் விருது கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே குட்டியை உட்காரவைத்துவிட்டு டிவிக்குத் திரும்பிவிட்டார். சீரியலில் ஒரு மருமகள் அழுதுகொண்டிருந்தாள். கீழே அண்ணி அந்த வீட்டுக்கான மெயின் சுவிட்சை இறக்கினாள். மின்விசிறி தளர்ந்து நின்றது. குளிர்பதனப் பெட்டி அடங்கியது.

மருமகள் அழுகையை நிறுத்தவில்லை. டிவி ஓடிக்கொண்டே இருந்தது. விருது அலமாரியின் கீழ்த் தட்டிலிருந்து, மேசை விரிப்பு போர்த்திய ஏதோ ஒன்று கத்தியது. கீ. கீ. கீ.

"கரண்ட் போச்சு," என்றார் இயக்குநரின் மனைவி, கண்ணை எடுக்காமல். "பயப்படாதீங்க, அது அப்படித்தான் கத்தும்."

அது என்ன என்று குட்டி கேட்டாள்.

"தேசத்தோட சொத்து, தொடாதேன்னு சொல்லி டிரைவரை வச்சுத் தூக்கிட்டு வந்தார். பின்னாடி பிளக் சொருகற ஓட்டை இருந்துச்சு, டிவியைச் சொருகிப் பார்த்தேன். இப்ப கரண்ட் போனாலும் சீரியல் நிக்கறதில்லை. முப்பது வருஷத்துல ஆபீஸ்லேருந்து அவர் கொண்டுவந்ததுலயே உருப்படியான பொருள் இதுதான்."

அவரிடம் இதைச் சொன்னீர்களா என்றதற்கு, அவர் கேட்கவில்லையே என்றார். ஆனால் குட்டி கூப்பிட்டு அண்ணியும் மேலே வந்ததும், விருது பார்க்க இரண்டு பெண்கள் வந்திருக்கிறார்கள் என்று கணவருக்குப் போன் போட்டு மட்டும் சொல்லிவிட்டார். டிரைவர் சாப்பிடப் போயிருந்ததால் இயக்குநர் தானே காரை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். சோகமான சட்டை கிடைத்திருந்தது, சாம்பல் நிறம். விரிப்பு விலகிய பெட்டியையும் அதன் முன்னால் முழங்காலிட்டிருந்த அண்ணியையும் பார்த்ததும், சட்டையின் நிறம் முகத்துக்கும் ஏறியது.

ஆனாலும் மேடைகள் கண்ட மனிதர். பாதுகாப்புக்காகத் தான்தான் எடுத்துவந்ததாகவும், திருட்டு என்று சொன்னது ஒருவித எச்சரிக்கை ஒத்திகை என்றும் பிசிறில்லாமல் சொன்னார். அந்தப் பெண்ணின் பெயரை விட்டுவிடுகிறேன், எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இதுல இனிமே ஒண்ணும் கிடைக்காது. முன்னாடி இருக்கற பட்டனை அது கத்தற வரைக்கும் அமுக்கிட்டேன். எல்லாம் அழிஞ்சிருக்கும்."

குட்டிக்கு அவரைப் பார்க்க, திருடனைப் பிடித்த மாதிரியே இல்லை. இரும்புப் பெட்டிக்குப் பதிலாக அரிசி டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடி மூச்சு வாங்குகிறவனைப் பார்த்த மாதிரி இருந்தது.

"சார், இது பேட்டரி," என்றாள். "தகவல் எல்லாம் அந்தக் குட்டி வெள்ளைப் பெட்டியில இருக்கு. அதுல உங்க துணை இயக்குநர் சீட்டு ஆடிக்கிட்டிருக்கார்."

"நாலாயிரம் பேர்..." என்றார் இயக்குநர். கை தானாகப் பெட்டியின் தலைக்குப் போனது, படத்தில் வைத்த அதே இடத்துக்கு. "இவ்வளவு கனம்..."

"ஈயம் சார்."

அண்ணி எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"ஐயா, உங்ககிட்ட ஒரு நியாயமான கோரிக்கை. அந்தப் பொண்ணு திருடலைன்னு எல்லார் முன்னாடியும் நீங்க சொல்லணும். அவ கையால தகவல் ஏறணும். காலையிலேருந்து கரண்ட் போய்ப் போய் வருது, பாதியில நின்னா மொதல்லேருந்து ஏத்தணும், நேரம் பத்தாது. அதனால இந்தப் பெட்டி இப்பவே அங்க வேணும். முடியாதுன்னா நான் நேரா நாலு மணி நிருபர்கள்கிட்டப் போறேன்."

குழு நின்ற நிலையிலேயே கூடியது. கோரிக்கை நியாயமானது என்று ஒருமனதாக முடிவாயிற்று.

டிவி ஒயரைப் பிடுங்கும்போது, சீரியலில் முக்கியமான இடம், ஐந்து நிமிடம் பொறுக்கக் கூடாதா என்று இயக்குநரின் மனைவி கேட்டார். பெட்டியைக் காருக்கு இறக்க அண்ணி ஒரு கை கொடுத்தாள். கழக வாசலில் காவல்காரர் சல்யூட் அடித்தார். மின்சாரத்தை நம்பி லிஃப்டில் ஏற யாரும் தயாராக இல்லை. அண்ணிக்கு இடுப்பு வலி, குட்டிக்கு இடுப்பு வலி வருவதாக இருந்தது. தேசத்தின் மருத்துவ மூளையை இயக்குநரே இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, படிக்குப் படி நின்று, மூன்று மாடி ஏறினார். நடைவழியில் எல்லோரும் ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அவ்வளவு நல்ல பயிற்சி. ஆமாம்சாமி மட்டும், சர்வர் கிடைத்துவிட்டதா ஐயா, பாராட்டுகள் என்றார்.

அண்ணி போனில் சொல்லி, புள்ளிவிவரக்காரி அதற்குள் ஆட்டோ பிடித்து வந்திருந்தாள். மூச்சிரைக்க, எல்லோர் முன்னாலும், அவள்மீது எந்தக் குற்றமும் இல்லை என்று இயக்குநர் சொன்னார். அவள் திரையிலிருந்த சீட்டுக்கட்டை மூடிவிட்டு வேலையைத் தொடங்கினாள். பாதி ஏறியபோது மின்சாரம் போனது. விளக்கு அணைந்தது, மின்விசிறி நின்றது, கறுப்புப் பெட்டி கீ கீ என்று கத்தியது. திரை அணையவில்லை. கெடுவுக்குக் கொஞ்சம் முன்னால் ஏற்றி முடிந்தது. பிறகு அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தாள். மாடியில் குட்டி வற்புறுத்தியும் தொடாததை, தன் நாற்காலியில் உட்கார்ந்து, அவசரமில்லாமல் சாப்பிட்டாள்.

களிம்பு தடவியவர்களுக்கும் தடவாதவர்களுக்கும் கால் ஒரே கணக்கில்தான் போயிருந்தது. இனி அதை எந்த ஊர் மருத்துவரும் பார்த்துக்கொள்ளலாம். யாரும் நியாயமாக இருக்க வேண்டியதில்லை. நான்கு மணி நிருபர்களிடம் இயக்குநர், கழகத்தின் விடாமுயற்சியால் சர்வர் மீட்கப்பட்டது என்று சொல்லியிருந்தார்.

கிளம்புவதற்கு முன் குட்டி அந்தப் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். புகைப்படத்தில் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த முதுகில், பிளக் ஓட்டைகளுக்கு மேலே, கை அகல எழுத்தில் பேட்டரி என்று அச்சிட்டிருந்தது.